ஜெனரல் ஷிப்ட் வீட்டுத் தெர்மாமீட்டர்

நெய்வேலியில் எந்த யூனிட் எவ்வளவு மின்சாரம் தரும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். எங்கள் தெருவில் எந்த வீட்டில் எப்போது குழந்தை உண்டாகாது என்பது கிராஃப் அக்கா ஒருவருக்குத்தான் தெரியும்.

வீட்டில் கணக்கு ட்யூஷன் எடுத்தவர். இட்லி மாவு புளிப்பதைக்கூடக் கோடு போட்டுப் பார்த்தால்தான் நம்புவார். இரண்டு பெண்கள் பிறந்ததும், "மூணாவது வேணுமா வேணாமான்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்று மாமியாரிடம் அறிவித்துவிட்டு, தினமும் கண் விழித்ததும் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்து உடல் சூட்டைக் குறிக்கத் தொடங்கினார். சூடு லேசாக ஏறி மூன்று நாள் நின்றால், அடுத்த மாதவிலக்கு வரை பயமில்லை. ஒன்பது ஆண்டுகள் கோடு பிசகவில்லை.

வெற்றி கண்டவர் சும்மா இருப்பாரா? பதினோரு வீட்டுப் பெண்களுக்குத் தெர்மாமீட்டரும் கிராஃப் தாளும் வந்து சேர்ந்தன. நான் ஏழாவது.

"எந்திரிக்கக் கூடாது, பேசக் கூடாது. மூணு நிமிஷம் வாயை மூடிக்கினு படுத்திருக்கணும்."

"பால்காரர் கூப்பிட்டா?"

"கூப்பிட்டுக்கினே இருக்கட்டும்."

இதற்கெல்லாம் போனிலேயே ஆப் வந்துவிட்டது என்றாள் எதிர்வீட்டுப் பெண். "வரட்டுமே. போனை நாக்குக்கடியில வெச்சுக்குவியா?" என்றார் அக்கா.

நான் டைரி எழுதுகிறவள். ஏழு மாதம் ஒரு நாள் விடாமல், எழுந்த நேரம், சூடு இரண்டையும் எழுதினேன். எட்டாவது மாதம் நாள் தள்ளிப்போனது. சோதனை அட்டையில் இரண்டு கோடுகள். அக்கா கற்றுத்தராத கிராஃப் அது.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைகள். பாதியில் விட்டிருந்த பி.எட். படிப்பை மறுபடி பிடித்து, கடைசித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. இந்த முறையும் விட்டால் இனி இல்லை. மைன்ஸில் ஷிப்ட் பார்த்த என் கணவர், "உன் இஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு, வேறெதுவும் தோன்றாமல் மிக்ஸியைக் கழற்றித் துடைத்தார். அக்காதான் கிராஃப் தாள்களைக் கக்கத்தில் சுருட்டி வைத்துக்கொண்டு என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

டாக்டரம்மா கிராஃபைப் பார்க்கவில்லை. டைரியை வாங்கிப் பார்த்தார்.

"ஒரு வாரம் நாலு மணி, அடுத்த வாரம் ஏழு மணி. என்னம்மா இது?"

"வீட்டுக்காரர் ஷிப்டுங்க. ஃபர்ஸ்ட் ஷிப்டுன்னா நாலுக்கே எந்திரிச்சு சமைக்கணும்."

"தினமும் நல்லாத் தூங்கி, ஒரே நேரத்துல எடுத்தாத்தான் இந்தச் சூட்டுக்கு அர்த்தம். அப்பவும்கூடத் தப்பலாம்."

அக்கா நாற்காலியில் சரிந்தார். "ஐயோ, எங்க வூட்ல ஜெனரல் ஷிப்டு, எப்பவும் பகல் வேலதான்! ஒம்போது வருஷமா தெனமும் ஆறு மணிக்குத்தான் எந்திரிக்கிறேன். எனக்குத் தப்பலன்னதும் ஊருக்கே தப்பாதுன்னு நெனச்சுட்டேனே!"

அவரை வெளியே அனுப்பிவிட்டு டாக்டரம்மா என்னைக் கேட்டார், "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"வேண்டாம் டாக்டர்."

"சரி. சட்டம் இடம் கொடுக்குது. பயப்படாதீங்க."

வெளியே நர்ஸ் படிவத்தை நீட்டி, "வீட்டுக்காரர் கையெழுத்து?" என்றார். அக்கா நிமிர்ந்தார்.

"வயிறு யாருது?"

"இவங்களுது."

"அப்ப கையெழுத்து மட்டும் அந்தாளுதா?"

"அவங்க கையெழுத்தே போதும்மா" என்று உள்ளிருந்து டாக்டரம்மாவின் குரல் சிரிப்போடு வந்தது. போட்டேன்.

அன்று மாலையே அக்கா மற்ற பத்து வீட்டுக் கதவுகளையும் தட்டினார். "தெர்மாமீட்டரைக் குடு. ஆஸ்பத்திரிக்குப் போயி உனக்கு எது ஒத்துக்கும்னு கேளு. கணக்கு தப்பிடுச்சி."

"யாருக்குக்கா தப்பிடுச்சு?"

"எனக்குத்தான்."

தெருவே ஒரு மாதம் அக்காவின் வயிற்றைப் பார்த்தது. செய்தி கேட்டுத் திருவதிகையிலிருந்து மாமியார் பேரன் கனவோடு ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். அக்கா பலாப்பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை.

நான் காப்பர்-டி வைத்துக்கொண்டேன். தேர்வு எழுதி, இப்போது பள்ளியில் பாடம் நடத்துகிறேன். அக்கா குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு பண்ருட்டிப் பக்கம் போய்விட்டார். என் கணவருக்கும் இப்போது ஜெனரல் ஷிப்ட்தான்.

தினமும் ஆறு மணிக்கு விழிப்பு வருகிறது. உடனே எழுந்துவிடுவதில்லை. மூன்று நிமிடம் வாயை மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருக்கிறேன். அது அக்காவுக்கு.