வெயிலுகந்தாள் ஓடிய மாரத்தான்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் சபை கிரேஸ் மதினி. போன வருஷம் கத்திரி வெயிலில், வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் பாஸ்டர் வரப் பிந்தி, கரண்டும் போய்விட்ட நேரத்தில் சொன்னார். கேட்டபடியே சொல்கிறேன்.

ஒரு காட்டில் ஓர் எருமை இருந்தாள். அவள் பெயர் வெயிலுகந்தாள். பிறந்தது மார்கழிக் குளிரில் என்பதால் யாரும் யோசிக்காமல் வைத்துவிட்ட பெயர். உண்மையில் அவளுக்கு வெயில் ஆகாது. மத்தியானம் ஆனால் குட்டையில் இறங்கி, கழுத்து வரை சேற்றில் கிடந்து அசைபோட வேண்டும். அவள் கன்றுக்கும் அப்படித்தான்.

அந்தக் காட்டில் ஒரே ஒரு குட்டை. எல்லோரும் குடிப்பார்கள், குளிப்பார்கள், போவார்கள். ஒருநாள் ராஜா சிங்கம் சபை கூட்டிச் சொன்னது:

"சும்மா கிடைப்பதால் யாருக்கும் குட்டையின் அருமை தெரியவில்லை. வருகிற அக்னி நட்சத்திரத்தில் ஒரு மாரத்தான் ஓட்டம் நடக்கும். ஜெயித்தவருக்கு மழை வரும் வரை குட்டை சொந்தம். ஓட்டம் முடியும் வரை யாரும் இறங்கக் கூடாது."

எல்லோரும் கை தட்டினார்கள். கை இல்லாதவர்கள் காலைத் தட்டினார்கள். குட்டையைச் சுற்றிக் கயிறு கட்டியாயிற்று. தாகத்துக்குத் தூரத்து ஓடைக்குப் போக வேண்டியதாயிற்று.

பத்து நாளில் கன்றின் தோல் வெடித்துவிட்டது. "அம்மா, எரியுது," என்று ராத்திரியெல்லாம் மரத்தில் உரசியது. வெயிலுகந்தாள் நக்கிக் கொடுத்துப் பார்த்தாள். நாக்குதான் காய்ந்தது. சேறு இல்லாமல் ஆறாத தோல் அது. ஆகவே அவளும் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாள்.

பயிற்சி கொடுத்தவர் நரி மாஸ்டர். கழுத்தில் விசில் போட்டிருப்பார். ஓடுகிற ஒவ்வொருவருக்கும் காலில் கட்ட ஒரு கடிகாரம் கொடுத்தார். எவ்வளவு தூரம் ஓடினார்கள் என்று அது கணக்கு வைக்கும். ஓடினால் அது "சபாஷ்!" என்று சொல்லும். நின்றால், "எழுந்திரு, சோம்பேறி!" என்று சொல்லும்.

"காலையில் வெள்ளி முளைக்கும்போதே வந்துவிட வேண்டும்," என்றார் மாஸ்டர்.

"அப்பதான் மாஸ்டர் கன்னுக்குப் பால் கொடுக்கணும்."

"அப்படியானால் சாயங்காலம்."

"சாயங்காலம் மாமியாருக்குக் கொம்பு சொறிஞ்சுவிடணும். நான் போகலைன்னா மரத்தில போய் முட்டுவாங்க, கொம்பு போயிரும்."

"மத்தியானம்?"

"மத்தியானம் வெயிலடிக்குதே மாஸ்டர்."

"வெயிலில் ஓடுவதற்குத்தானே அம்மா பயிற்சி!" என்றார் மாஸ்டர்.

எனவே மத்தியானம் ஓடினாள். கடிகாரத்தின் பட்டை அவள் காலுக்குப் போதவில்லை. கொம்பில் கட்டிவிட்டார்கள். முதுகில் மைனா உட்கார்ந்து உண்ணி பொறுக்கியபடியே கூட வந்தது. கொஞ்ச தூரம் ஓடியதும் வெயிலுகந்தாளுக்குக் கண் இருட்டும். நிழலில் படுத்துக் காலையில் தின்ற புல்லை அசைபோடுவாள்.

"சபாஷ்!" என்றது கடிகாரம்.

மைனா குனிந்து கொம்பைப் பார்த்தது. "யக்கா, நீ படுத்துல்லா கெடக்க? இது எதுக்குச் சபாஷ் போடுது?"

"எனக்கென்ன தெரியும்? நல்ல வார்த்தை சொல்லுது. சொல்லிட்டுப் போகட்டும்."

விஷயம் வேறொன்றுமில்லை. அசைபோடும்போது தாடை ஆடும். தாடை ஆடினால் தலை ஆடும். தலையோடு கொம்பும் ஆடும். காலில் கட்டியிருக்கிறார்கள் என்று கடிகாரம் நம்பிக்கொண்டிருந்தது.

ஓட்ட நாள் வந்தது. ஓட்டம் குட்டைக்கரையில் தொடங்கி, காட்டை முழுக்கச் சுற்றி, திரும்பக் குட்டைக்கரையிலேயே முடிய வேண்டும். கரையில் ஒரு பக்கம் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். அதை முதலில் அறுத்தவர் ஜெயித்தவர். நடுவராக யானை அண்ணாச்சி ஆலமரத்தடியில் நின்றார். எல்லோரும் ஓடி மறைந்ததும் நின்றபடியே தூங்கிப்போனார். குட்டைக்குக் காவல் இருந்த கரடிகளும் ஆசைப்பட்டு ஓடப் போய்விட்டன.

வெயிலுகந்தாளும் ஓடினாள். ஓட வேண்டும் என்றுதான் ஓடினாள். மனசுக்குள், "ஆண்டவரே, என் பிள்ளை தோல் ஆறணும்," என்பதைத் தவிர ஒன்றுமில்லை. புளியமரம் வரை போயிருப்பாள். பின்னாலிருந்து காற்று வீசியது. அதில் ஈரச் சேற்றின் வாசனை இருந்தது.

கால்கள் அவளைக் கேட்கவில்லை. திரும்பிவிட்டன.

"யக்கா, பாதை அந்தப் பக்கம்!" என்றது மைனா.

"தெரியும்ளா. ஒரு நிமிஷம் நனைஞ்சிட்டு வந்துருதேன்."

கரையில் கன்று நின்றிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இறங்கினார்கள். சிவப்பு நாடா அவள் கழுத்தில் மாட்டி அறுந்தது. அவள் கவனிக்கவில்லை. சேறு தோலில் ஏற ஏறக் கன்று கண்ணை மூடியது. வெயிலுகந்தாள் அசைபோட ஆரம்பித்தாள்.

"சபாஷ்!" என்றது கடிகாரம். "சபாஷ்! சபாஷ்!"

பொழுது சாயும்போது புள்ளிமான் நாக்குத் தொங்கத் திரும்பி வந்தது. அதற்குப் பின்னால் முயல். மற்றவர்கள் வழியெல்லாம் நிழல் நிழலாக விழுந்து கிடந்தார்கள். நரி மாஸ்டர் வண்டுக் கூட்டத்தை விசிறச் சொல்லிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"நாடா எங்கே?" என்றது மான்.

எல்லோரும் பார்த்தார்கள். அது குட்டைக்குள் ஒரு கழுத்தில் இருந்தது.

"அண்ணாச்சி! இவ ஓடவே இல்ல! காலையிலேருந்து படுத்துக் கெடக்கா!" என்று கத்தியது மான்.

யானை அண்ணாச்சி விழித்துக்கொண்டார். தூங்கியதைச் சொல்ல முடியாதே! "பொறு, பொறு. கடிகாரம் எதுக்கு இருக்கு?" என்று மானின் காலையும் அவள் கொம்பையும் எட்டிப் பார்த்தார். "யம்மா! மானைவிட ரெண்டு மடங்கு ஓடியிருக்காளே!"

"அந்தக் கடிகாரம் பொய் சொல்லுது!" என்றது மான்.

எல்லோரும் நரி மாஸ்டரைப் பார்த்தார்கள். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தக் கடிகாரம் பொய் என்றால் எல்லாக் கடிகாரமும் பொய். எல்லாக் கடிகாரமும் பொய் என்றால் அவர் கொடுத்த பயிற்சியும்...

மாஸ்டர் விசிலைத் துடைத்தார். "என் கடிகாரம் பொய் சொல்லாது. இந்தப் பெண் என் மாணவி. மத்தியான வெயிலில் நான்தான் ஓட வைத்தேன்."

"நான் ஓடலைங்க மாஸ்டர்," என்றாள் வெயிலுகந்தாள். அவளுக்குப் பொய் வராது.

"பார்த்தீர்களா தன்னடக்கத்தை!" என்றார் மாஸ்டர். எல்லோரும் காலைத் தட்டினார்கள்.

குட்டை அவளுக்குச் சொந்தமாயிற்று. அவளுக்கு ஒருவரைத் துரத்தத் தெரியாது. "எல்லாரும் குடிங்க, குளிங்க, போங்க. மத்தியானம் மட்டும் நாங்க கெடந்துக்கிடுதோம்," என்றாள். அதாவது, எல்லாம் பழையபடி ஆயிற்று. இதற்காகச் சிங்கத்துக்கு ஒரு நன்றிக் கூட்டமும் நடந்தது.

மறு வாரமே நரி மாஸ்டர் புதுப் பயிற்சி ஆரம்பித்தார். வெள்ளி முளைக்கும்போது எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து அசைபோட வேண்டும். சிறுத்தைக்குப் புல் தொண்டையில் நின்று இருமல் வந்தது. "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்," என்றார் மாஸ்டர். வெயிலுகந்தாளையும் வந்து சொல்லித்தரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"எனக்கு நேரமில்ல, மாஸ்டர்கிட்ட சொல்லிரு," என்று குட்டைக்குள் கிடந்தபடியே சொன்னாள். தோல் ஆறிய கன்று பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

"சபாஷ்!" என்றது கடிகாரம்.

நீதி: உழைத்தவர்களுக்குப் பலன் கட்டாயம் உண்டு. அது கைக்கு வருவது மட்டும், கொடுக்கிற நேரத்தில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு.

கதை இவ்வளவுதான். வெயில் இறங்கும் வரை உங்கள் வாசலில் ஒரு சட்டித் தண்ணீர் வையுங்கள். குடிக்க வருவது ஓடி வந்ததா, நடந்து வந்ததா என்று கேட்க வேண்டாம்.