ஐலீன் கொண்டுவந்த டப்பா

ரிவர்டன்,
ஞாயிறு மாலை

அன்புத் தங்கை கிளெனிஸுக்கு,

அண்ணன் நெவில் எழுதுவது. இங்கே நானும் நாயும் சுகம். அங்கே உன் முழங்கால் வலியும் உன் வீட்டுக்காரரின் குறட்டையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நிற்க. உன் பின்னறையில் இருக்கும் தையல் மிஷினை நகர்த்திவிட்டு ஒரு கட்டில் போட்டு வை. நான் இந்த ஊரை விட்டே வந்துவிடுகிறேன்.

அடுத்த வீட்டுக்கு ஆக்லாந்திலிருந்து ஐலீன் என்று ஒரு அம்மாள் குடிவந்திருப்பதாகப் போனில் சொன்னேன் அல்லவா? சும்மா அக்கம்பக்கத்துப் பழக்கம்தான் என்றேனே, அது பொய். சனிக்கிழமை மீன்பிடி கிளப் விருந்துக்கு அவரை என்னோடு வரச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் இன்று மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன்.

காலையில் நான் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது வந்து, மிஷின் சத்தத்துக்கு மேலே, "நெவில், ஒண்ணு கொண்டாந்தேன், உங்க ஃப்ரீசர்ல வச்சிருக்கேன், மத்தியானம் எடுங்க!" என்று கத்திவிட்டுப் போனார். மதியம் திறந்தால் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. மேலே ஐஸ்கிரீம் என்று பெரிதாகத்தான் எழுதியிருந்தது. நீயே சொல், நம் பக்கத்தில் ஃப்ரீசருக்குள் இருக்கும் ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் இருக்கும் என்று எவனாவது நினைப்பானா? என்னிடம் ஸ்ட்ராபெரி டப்பாவில் தூண்டில் இரை, சாக்லேட் டப்பாவில் போன குளிர்காலத்துப் பட்டாணி சூப். சின்ன வயதில் நீ வெனிலா என்று நம்பி ஆட்டுக்கொழுப்பை வாயில் போட்டுக்கொண்டு அழுதவள்தானே? மூடியைத் திறந்தேன். மஞ்சளாக உறைந்து கிடந்தது. பூசணி சூப்! எனக்காகக் கைப்பட வைத்தது! கண் கலங்கிவிட்டது. சட்டியில் கொட்டி அடுப்பில் ஏற்றினேன்.

ருசி பார்த்தேன். இனித்தது. ஆயுசு முழுக்கப் பால் தொழிற்சாலையில் வெண்ணெய் ருசி பார்த்துத் தரம் சொன்ன நாக்கு அல்லவா, 'ஆக்லாந்துக்காரர்கள் சூப்பிலும் சர்க்கரை போடுவார்கள், பாவம்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. உப்பு, மிளகு, நசுக்கிய பூண்டு எல்லாம் போட்டுத் தேற்றினேன். சீஸ் ரோல் சுட்டுப் பக்கத்தில் வைத்தேன்.

ஐலீன் கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது... நான் கொண்டாந்ததா?"

"அதேதான். கொஞ்சம் பூண்டு சேர்த்தேன், தப்பா நினைச்சுக்காதீங்க."

"சேச்சே. இந்தப் பக்கமெல்லாம் இதை இப்படித்தான் சாப்பிடுவீங்களா?"

"இந்தக் குளிருக்கு வேற எப்படிச் சாப்பிடறது? சுடச்சுடக் குடிங்க!"

குடித்தார், மகராசி. நான் மூன்று கிண்ணம் குடித்தேன். "உங்க கைப்பக்குவமே தனி" என்று வேறு சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. காலமான கணவரை நினைத்து அழுகிறார் என்று கைக்குட்டையை நீட்டினேன். விருந்து விஷயம் கேட்க இது நேரமில்லை என்று தள்ளிப்போட்டேன்.

அவர் போன பிறகு டப்பாவைக் கழுவினேன். இரை வைக்க ஆகுமே! அப்போதுதான் மூடியைப் படித்தேன். சுட்ட பூசணியும் முறுகக் காய்ச்சிய வெண்ணெயும் கலந்த உயர்ரக ஐஸ்கிரீமாம். வெண்ணெய்! என் பிழைப்பே அதுதான்! கீழே சின்ன எழுத்தில், 'மெல்ல ருசியுங்கள், உருகவிடாதீர்கள்.'

அவமானம் கிடக்கட்டும் கிளெனிஸ். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் வேலிக்கதவு இனி என் பக்கம் திறக்காதே, அதுதான் கவலை. கட்டிலைப் போட்டு வை. யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக உன் வீட்டுக்காரரிடம். உன் பிள்ளைகளுக்கும் முழங்காலுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
நாக்கு செத்த அண்ணன்,
நெவில்

பி.கு.: கட்டில் வேண்டாம். தையல் மிஷின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஐலீன் இன்னொரு டப்பாவோடு இப்போதுதான் வந்து போனார். "அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "மொதல்ல இந்த ஊர் வழக்கம்னுதான் நெனச்சேன். அப்புறம் நீங்க மூணாவது கிண்ணம் ஊத்திக்கிட்டீங்க, எந்த வாயால சொல்றது? சிரிச்சா கைக்குட்டை வேற குடுக்கறீங்க!" என்றார். அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன். சனிக்கிழமை வருகிறாராம், நான் எதையும் சூடாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. புது டப்பாவை உறைந்தபடியே ருசி பார்த்து, அருமை என்று அவரிடம் சொன்னேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், பூண்டு போட்டதுதான் நன்றாக இருந்தது.