பரவைக்கு ஒரு பரிந்துரை மடல்

மருதவரம்பு என்றொரு நாடு இருந்தது. இப்போதும் இருக்கக்கூடும், நான் போய்ப் பார்த்ததில்லை. அந்த நாட்டுக்கு ஆறு ஒன்று, ஆற்றுக்கு வாய்க்கால் பதினெட்டு, பதினெட்டுக்கும் ஐப்பசி தவறாமல் உடைப்பு. உடைப்பு எடுத்த மறுநாள் தலைமை அமைச்சர் பொற்கோமான் படகேறி வந்து வெள்ளத்தைப் பார்வையிடுவார். பார்வையிட்டதை ஓவியமாக எழுதி நாற்சந்திகளில் மாட்டுவார்கள். அதன்பிறகு ஊர்க்காரர்கள் வீட்டுக்குள் கிடக்கும் சேற்றை வழித்து வெளியே போடுவார்கள்.

பதினெட்டாம் வாய்க்கால் முடிகிற இடத்தில் கடைமடை என்ற ஊர். அந்த ஊர்ப் பெண் பரவை. போன ஐப்பசியில் உடைப்பு எடுத்தபோது, பக்கத்து வீட்டுச் செவந்தியக்கா தொழுவத்தில் கட்டியிருந்த இரண்டு ஆடுகளை அவிழ்த்துவிடப் போனவள் திரும்பி வரவில்லை. பரவையைத் தூக்கி வளர்த்தவள் அவள். அழுது முடித்ததும் பரவைக்கு ஒரு வெறி பிடித்தது. கரை ஏன் உடைகிறது என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டாள்.

அதைச் சொல்லிக்கொடுக்கிற நீர்க்கல்லூரி அக்கரையில், பாலைக்குன்றம் என்ற வேற்று நாட்டில் இருந்தது. நுழைவுத் தேர்வில் பரவை தேறிவிட்டாள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. பாடம் சொல்லித்தந்த பேராசிரியர் ஒருவர் அவளைப் பற்றி ஒரு பரிந்துரை மடல் எழுதித் தரவேண்டும். ஒரே ஒரு மடல்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். பாவம், அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

மருதவரம்பில் பரிந்துரை மடல் என்பது லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. முதலில் அது படிப்புக்கு மட்டும்தான் இருந்தது. பொற்கோமான் பதவிக்கு வந்தபின், ஆளை நேரில் பார்த்து எடைபோடுவது மூடப்பழக்கம் என்று அறிவித்து, வேலைக்கும் மடல் வேண்டும் என்றார். பிறகு கல்யாணத்துக்கும் வேண்டும் என்றார். பிறகு மருத்துவமனையில் படுக்கவும் வேண்டும் என்றார். நாட்டிலோ பேராசிரியர்கள் மொத்தமே பதினொரு பேர். அவர்கள் வாசலில் கல்யாணப் பெண்ணும் காய்ச்சல்காரனும் ஒரே வரிசையில் நின்றார்கள். பாடம் நடத்துவது தானாகவே பாதியாகக் குறைந்துபோனது.

பேராசிரியர்கள் படும் பாட்டைக் கண்டு அமைச்சர் உள்ளம் நெகிழ்ந்து அடுத்த ஆணையைப் பிறப்பித்தார். "அவரவர் யோசித்து எழுதுவதால் காலம் வீணாகிறது. சிலர் உண்மையையும் எழுதிவிடுவதாகத் தெரியவருகிறது. ஆகவே அரசே ஒரு மாதிரி மடல் வழங்கும். அதில் ஓர் எழுத்தையும் மாற்றலாகாது." மடலை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்துத்தான் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் பிரித்துப் பார்க்கக் கூடாது. பார்க்க முடியாததால் ஜனங்களும் உள்ளே தங்கள் பிள்ளையைப் பற்றி ஏதோ நல்லதாக எழுதியிருக்கிறது என்று நம்பி, வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

பரவை தன் மடலைப் பேராசிரியர் திருமேனியாரிடம் கேட்டாள். நிலநூலும் நீர்நூலும் நடத்தியவர். நல்ல மனுஷர், கொஞ்சம் பயந்தவர். "எழுதிடலாம்மா, நாளைக்கு வா" என்றார். அவருடைய நாளை பங்குனிக் கடைசியில்தான் வந்தது. அரக்கு முத்திரை வைத்த உறையைப் பரவை பதிவுக்குக் கொடுத்துப் படகில் அனுப்பிவிட்டு, அக்கரையைப் பார்த்துக்கொண்டே நாளை ஓட்டினாள்.

வைகாசி பிறந்ததும் பதில் வந்தது. உறையோடு மடலும் திரும்பி வந்திருந்தது. நீர்க்கல்லூரியார் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

"அன்புள்ள பரவை, உங்களுக்காக வந்த மடலைப் படித்தோம். பொற்கோமான் என்னும் மாணவர் அறிவில் கடலனையவர், உறுதியில் மலையனையவர், உறக்கம் அறியாத உழைப்பாளி என்று தெரிந்து மகிழ்ந்தோம். கடந்த ஏழு ஆண்டுகளில் உங்கள் நாட்டிலிருந்து விண்ணப்பித்த நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் இதே மடல்தான் வந்தது. எல்லாவற்றிலும் பொற்கோமானே பரிந்துரைக்கப்பட்டிருக்கிறார். அவருக்காக ஏழு ஆண்டுகளாக ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம், அவர் வந்தபாடில்லை. அது போகட்டும். நீங்கள் யார்? உங்களைப் பற்றி ஒரு மடல் ஆனி முழுநிலவுக்குள் வந்தால் உங்கள் இடம் உங்களுக்கே."

பரவை அதை மூன்று முறை படித்தாள். முதல் முறை சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை, திரும்பி வந்த மடலைப் பிரித்துத் தன் பெயரைத் தேடினாள். மூன்றாம் முறை, தன்னை யாருமே பார்க்கவில்லை என்று தோன்றி அழுகை வந்துவிட்டது. ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது என்றார்களாம். இந்தப் பதினொரு புண்ணியவான்களும் பெயரைக்கூட மாற்றாமல் அப்படியே படியெடுத்திருக்கிறார்கள்.

சரி, மறுபடியும் கேட்கலாம் என்றால் அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. பேராசிரியரிடம் ஒருமுறை கேட்டதை மறுமுறை கேட்பது குற்றம். அனுமதி வாங்க மடல் கண்காணிப்பாளர் சீராளரிடம் போனாள். நாட்டின் மடல்களெல்லாம் அவர் கையால் பதிவாகித்தான் வெளியே போகும். பெரிய மேசை, அதைவிடப் பெரிய தலைப்பாகை.

"ஒருமுறை கேட்பது விண்ணப்பம்," என்றார் சீராளர். "இரண்டாம் முறை கேட்பது நினைவூட்டல். மூன்றாம் முறை கேட்பது கிளர்ச்சி. நீர் எதில் இருக்கிறீர்?"

"ரெண்டாவதுலங்க. நினைவூட்ட அனுமதி வேணும்."

"தாராளமாக. நினைவூட்டத் தகுதியானவர் என்று உமது பேராசிரியரிடம் ஒரு மடல் வாங்கி வாரும்."

"அவருகிட்டயே எப்படிங்க கேக்கறது? கேட்டா அதுவும் நினைவூட்டல் ஆயிடுமே."

சீராளர் சற்று யோசித்தார். "ஆகும்," என்றார். "நல்ல கூர்மை உமக்கு. இதையெல்லாம் மடலில் எழுதச் சொல்லியிருக்கலாமே."

நடையாய் நடந்து பார்த்தாள். ஒரு நாள் வா என்பார்கள், வந்தால் விடுமுறை என்பார்கள். வைகாசியில் மூன்று நாள் மிச்சம் இருக்கும்போது பரவைக்குப் பொறுமை போயிற்று. நேரே திருமேனியார் வீட்டுக்குப் போய், கல்லூரியிலிருந்து வந்த பதிலை அவர் முன்னால் வைத்தாள்.

"நான் எதுவும் கேக்கல ஐயா. படிச்சு மட்டும் பாருங்க."

படித்தார். "நீங்கள் யார்?" என்ற இடத்தில் அவர் விரல் நின்றுவிட்டது.

"மொத வருஷம் எங்கள்ல ஒருத்தர் ஒரு கல்யாண மடல்ல பேரை மாத்தினார்மா," என்றார் மெதுவாக. "எல்லைப்புறத்துல ஆடு எண்ணற வேலைக்கு மாத்திட்டாங்க. அதுலேர்ந்து நாங்க யாரும் படிச்சே பாக்கறதில்ல. கை தானா எழுதும்."

"எங்க ஊர்ல ஒருத்தர் செத்துப்போயிட்டாங்க ஐயா. வர்ற ஐப்பசியில இன்னொருத்தர் சாவாங்க. நான் அதுக்குத்தான் போகணும்ங்கறேன்."

அவர் தாளை எடுத்தார். எழுதுகோலை இரண்டு முறை சீவினார். ஏழு வருஷமாக ஒரே ஆளைப் புகழ்ந்த கை. இன்னொருவரைப் பற்றி என்ன எழுதுவது என்று அதற்குப் பிடிபடவில்லை. "உன்னைப் பத்தி என்னம்மா எழுத?" என்று கேட்டே விட்டார். பரவைக்குச் சுருக்கென்றது.

"ரெண்டு வருஷம் முன்வரிசையில உக்காந்திருந்தேன் ஐயா. உடைஞ்ச கரையிலேர்ந்து மண்ணு அள்ளி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்தேன். தண்ணி கரைக்கு மேல வழியவே இல்ல, அப்புறம் எப்படிக் கரை உடைஞ்சுதுன்னு கேட்டேன். உக்காருன்னுட்டீங்க."

அவர் முகம் மாறியது. அப்புறம் நிறுத்தாமல் எழுதினார். எழுதியதை முத்திரை வைக்குமுன் அவளிடமே காட்டினார். "இவள் பெயர் பரவை. தண்ணீர் வழியாமலே கரை எப்படி உடைகிறது என்று இவள் ஒருமுறை கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு உட்காரச் சொன்னேன். இவள் மனக்கணக்கில் மந்தம். அது தனக்கே தெரிந்திருப்பதால் எதையும் இரண்டு முறை போட்டுப் பார்ப்பாள். இவளுக்கு இடம் கொடுங்கள். விடை கிடைத்தால் எனக்கும் எழுதச் சொல்லுங்கள்." கடலும் மலையும் இல்லாத அந்த நாலு வரியைப் பரவை இரண்டு முறை படித்தாள். இது தன்னைப் பற்றித்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஆனி முதல் தேதி அவள் மடலோடு சீராளர் முன் நின்றாள். அவர் பதிவுக்காகப் பிரித்துப் படித்தார். தலைப்பாகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"பெயர் பிழையாக இருக்கிறது."

"அது என் பேருங்க."

"பதிவேட்டில் அதற்குப் பக்கம் கிடையாது. எல்லாப் பக்கத்திலும் பொற்கோமான் என்று முன்கூட்டியே எழுதியாயிற்று. மடல் வர வர நாம் ஒரு கோடு போடுவோம்."

"கோடு எதுக்குங்க?"

சீராளர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆனி மாதம் முழுக்க வரும் மடல்களை எண்ணுவோம். எவர் பெயரில் மடல் அதிகமோ அவரே தலைமை அமைச்சர். அதனால்தான் அந்த ஆனியில் மட்டும் மடல்கள் தட்டாமல் கிடைக்கும். இந்த ஆண்டு எண்ணும் ஆண்டு. அரசமைப்பின் முதல் பக்கம் அம்மா இது, படிப்பதில்லையா?"

"எல்லாரும் அவங்கவங்க புள்ளைக்குன்னு நெனச்சுல்ல வாங்கிட்டுப் போறாங்க?"

"யாருக்கென்று நினைத்து வாங்கினார்கள் என்பதை நாங்கள் எண்ணுவதில்லை. யார் பெயரில் வந்தது என்பதைத்தான் எண்ணுகிறோம்."

பேராசிரியரைத் தண்டிக்க வேண்டும் என்றார் சீராளர். ஆனால் பதிவாகாத மடலுக்காக ஒருவரைத் தண்டிக்க விதியில்லை. தண்டிப்பதற்காகப் பதிவு செய்தாலோ, பதிவு செய்த மடலை அனுப்பாமல் நிறுத்திவைக்கவும் விதியில்லை. விதி என்றால் சீராளருக்கு உயிர். பெருமூச்சு விட்டு, பதிவேட்டில் புதிதாக ஒரு தாளை ஒட்டி, 'பரவை' என்று எழுதி ஒரு கோடு போட்டு, மடலை அக்கரைப் படகுக்கு அனுப்பினார்.

இவ்வளவும் நடந்தபோது பரவைக்குப் பின்னால் வரிசை நின்றிருந்தது. மகனுக்கு வேலை கேட்டு மடல் வாங்கி வந்த ஓர் அம்மாள், "அப்ப எம் மவன் பேரு எங்க?" என்று கேட்டாள். சீராளர் பதில் சொல்வதற்குள் அவள் உறையைத் தூக்கிக்கொண்டு பேராசிரியர் வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டாள். வரிசையே திரும்பி அவள் பின்னால் போனது. நினைவூட்டல் குற்றம்தான், ஆனால் ஊரே சேர்ந்து நினைவூட்டினால் யாரை எங்கே அடைப்பது என்று சட்டத்தில் இல்லை.

பேராசிரியர்களைத் தண்டிக்கவும் முடியவில்லை. எல்லையில் ஆடு எண்ணப் போவதற்கும் இப்போது பரிந்துரை மடல் தேவை. அதை எழுத வேண்டியவர்களும் அவர்களேதான். கை வலிக்க வலிக்க எழுதினார்கள். காய்ச்சல்காரனின் காய்ச்சலைப் பற்றி எழுதினார்கள். கல்யாணப் பெண்ணின் கோபத்தைப் பற்றியும் எழுதினார்கள்.

ஆனி முழுநிலவுக்கு இரண்டு நாள் முன்பு பரவைக்குக் கல்லூரியிலிருந்து பதில் வந்துவிட்டது. "உங்கள் மடல் கிடைத்தது. உங்கள் கேள்விக்கு எங்களுக்குப் பாதி விடைதான் தெரியும். மீதியைக் கண்டுபிடிக்க ஆடி பத்தாம் நாள் வந்து சேருங்கள்." பரவை அந்தத் தாளைச் செவந்தியக்கா வீட்டு இடிந்த சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு படித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

மாதக் கடைசியில் மடல்களை எண்ணினார்கள். ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு பேர். ஆளுக்கு ஒரு மடல். பொற்கோமானுக்கும் ஒன்று. அது பேராசிரியர் ஒருவர் பழக்கதோஷத்தில் எழுதியது. எல்லாரும் சமம் என்றால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சீராளர்தான் அரசமைப்பின் கடைசிப் பக்கத்தைத் தேடிப் பிடித்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். "சமமானால், பதவியை விரும்புகிறவர் ஊர் ஊராகச் சென்று, ஆளப்படுகிறவர்களிடம் பரிந்துரை மடல் வாங்கி வருக" என்றிருந்தது.

பொற்கோமான் கிளம்பினார். ஆண்டுதோறும் படகில் வந்து பழகிய ஊர் என்பதால் முதலில் கடைமடைக்கு வந்தார். அன்று ஆடி எட்டு. பரவை துறையில் மூட்டையோடு படகுக்கு நின்றிருந்தாள். ஊர்க்காரர்கள் அவளைக் கைகாட்டினார்கள். எங்கள் ஊர் மடலை இவளே எழுதட்டும் என்றார்கள்.

"மகளே," என்றார் பொற்கோமான், "உனக்குச் சிரமம் வேண்டாம். மடலை நாமே எழுதி எடுத்து வந்திருக்கிறோம். ஒப்பமிட்டால் போதும்."

பரவை வாங்கிப் படித்தாள். கடல் இருந்தது, மலை இருந்தது, உறக்கமறியா உழைப்பு இருந்தது. தாளை மடித்துப் பணிவாகவே திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல எங்க ஊரே வரலைங்களே. நானே எழுதித் தர்றேங்க. உக்காருங்க."

உட்கார அங்கே ஆசனம் எதுவும் இல்லை. தலைமை அமைச்சர் ஈரக் கரையில் நின்றார். படகுக்காரன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, "மெதுவா எழுது தாயி, அவசரமில்ல" என்றான். அவள் மூட்டையின்மேல் தாளை வைத்து, எதையும் கூட்டாமல் குறைக்காமல், தனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினாள். அடுத்த ஊரிலும் அதற்கடுத்த ஊரிலும் ஜனங்கள் இதே வேலையாக எழுதுகோல் சீவிக்கொண்டிருந்தார்கள் என்று கேள்வி.

அவள் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. அது ரகசியச் சீட்டு. கேட்பது மரியாதையும் இல்லை. நம் பக்கத்தில் இப்படியொரு வழக்கம் கிடையாது பாருங்கள். ஆள்கிறவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாசல்தேடி வருவதாவது, நம் கையில் ஒரு தாள் இருப்பதாவது, நாம் பார்த்ததை அதில் சொல்வதாவது. ஆகவே வாசகர்கள் இதைப் படித்துவிட்டு அமைதியாகத் தங்கள் வேலையைப் பார்க்கலாம்.