டென்மார்க்காரர் மேல் ஒரு புகார்

சிங்காநல்லூர்,
22-7-1996.

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை மெல்வினுக்கு,

உங்கள் அக்காள் கிளாடிஸின் கணவன் ஞானாபரணம் எழுதுவது. இங்கே நானும் என் ரத்தக்கொதிப்பும் ஒழுகுகிற ஓட்டுக்கூரையும் தேவ கிருபையால் நலம். அந்தியூரில் உங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

ஆகஸ்டு ஒன்பதாம் தேதியோடு கிளாடிஸ் போய் ஒரு வருஷம் ஆகிறது. வீட்டில் ஜெபக் கூட்டம். நீங்கள் வர வேண்டும். போன வருஷம் அடக்கம் முடிந்த பிறகு வந்து, வாசலில் நின்றபடியே, “ஒரு போன் போட்டுச் சொல்றதுக்கு என்னங்க மாமா? அக்கா மூஞ்சியக் கடைசியா ஒருக்காப் பாத்திருப்பனுங்களே” என்று கேட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினீர்கள். பதினோரு மாதமாகப் பேச்சில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலில் ஒரு டென்மார்க்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபப்படாமல் படியுங்கள்.

எங்கள் முன்னறையில் தாடிக்காரர் ஒருவர் படம் பார்த்திருப்பீர்கள். பெயர் எர்லாங். பெரிய கணித மேதை. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். எத்தனை பேர் கூப்பிடுவார்கள், அதற்கு எத்தனை லைன் இருந்தால் போதும் என்று உலகத்துக்கே கணக்குச் சொன்னவர். கல்யாணமில்லை, பிள்ளைகுட்டியில்லை, ஐம்பத்தொரு வயதில் போய்விட்டார். ஆனால் துணியை மீட்டரில் அளப்பதுபோல டெலிபோன் பேச்சை இன்றைக்கும் எர்லாங்கில்தான் அளக்கிறார்கள். நான் டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் அந்த வேலையைத்தான் பார்த்தேன். கிளாடிஸ் சனிக்கிழமைதோறும் படத்தைத் துடைத்துவிட்டு, “ஏனுங்க, உங்க பெரியவருக்கு மூஞ்சி கழுவியாச்சுங்க” என்பாள்.

போன மாதம் ஜெபக் கூட்டம் பற்றிப் பேசப் புதுப் போதகர் வந்தார். படத்தைப் பார்த்து, “ஆருங்க இவரு?” என்றார். டென்மார்க் என்று சொன்னதுதான் தாமதம், “அப்பத் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிங்களா!” என்று எழுந்து நின்றுவிட்டார். நம் சபையில் டென்மார்க் என்றால் தரங்கம்பாடிதானே, அந்த நாட்டுக்கு வேறென்ன வேலை? இல்லைங்க, டெலிபோன் என்றேன். அப்பா கிராமத்து வாத்தியார், சபை வேலையும் பார்த்தவர் என்றேன். ஓர் ஆள் ஏணி தூக்கிவர, தெருத்தெருவாகக் கேபிள் குழிகளில் இறங்கி அளந்தவர் என்றேன். போதகர் ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு, ஏணியோடு ஊர் ஊராக ஊழியம் செய்த மிஷனரி எர்லாங் ஐயருக்காகச் சபையே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னது. மறுநாள் மாதர் சங்கச் செயலாளர் அருள்செல்வி வீட்டுக்கே வந்து அவர் படத்துக்குச் சம்பங்கி மாலை போட்டுவிட்டு, மிச்சமிருந்த துண்டைக் கிளாடிஸ் படத்துக்குப் போட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கையில் அழுகை வந்துவிட்டது. நேரில் கண்டிராத அந்த மனிதர் பேரை உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் எனக்குச் சோறு போட்டவள் பேரை இந்த வீட்டில் நான் சொன்னால்தான் உண்டு. வயிறு எரிகிறது மாப்பிள்ளை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் கணக்கில் நூறு பேர் கூப்பிட்டால் ஒருவருக்கோ இருவருக்கோ லைன் கிடைக்காமல் போகலாம், அது குற்றமில்லை. அந்தியூருக்குப் போகும் டெலிபோன் தடத்துக்கு அப்படிக் கணக்குப் போட்டுக் கையெழுத்து வைத்தவர்களில் நானும் ஒருவன். கிளாடிஸ் மூச்சு நின்றபோது மத்தியானம் மூன்று மணி. உங்கள் ஊரில் குதிரைச் சந்தை. குதிரை வாங்கினவன், விற்றவன், வேடிக்கை பார்த்தவன் எல்லாரும் எஸ்.டி.டி. பூத்தில். ஏழு தடவை முயன்றேன். தடத்தில் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருப்பதாக அந்தப் பதிவுக் குரல் அம்மாள் ஏழு தடவையும் மரியாதையாகச் சொன்னாள். பிறகு தந்தி கொடுக்கச் சொன்னேன், அதுவும் தாமதமாகவே வந்து சேர்ந்தது. நூற்றில் அந்த ஒருவர் நாமாகிவிட்டோம். கோபப்படுவதானால் டென்மார்க்காரர் மேல் படுங்கள். அவருக்கு மாலையாவது கிடைத்துவிட்டது.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். பஸ்ஸில் ஜன்னலோர இடமும் வழித்துணையும் கர்த்தர் தருவாராக.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
ஞானாபரணம்.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். பெரியவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஏழு தடவை என்பது பொய். முதல் தடவையே லைன் கிடைத்தது. நீங்கள்தான் எடுத்தீர்கள். “ஹலோ, ஆருங்க? ஆருங்க பேசறது?” என்று கேட்டீர்கள். அப்படியே உங்கள் அக்காள் குரல். எனக்கு வாய் வரவில்லை மாப்பிள்ளை, வைத்துவிட்டேன்.