நம்புகிறீர்களா என்று கேட்டது எடிட்டர்

வீட்டிலிருந்தே வேலை என்றால் ஊரே பொறாமைப்படும். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று மட்டும் எவரும் விசாரிப்பதில்லை.

பேத்தியைப் பார்த்துக்கொள்ள அப்பாவும் அம்மாவும் சென்னைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பூவம் கிராமத்து வீட்டில் நானும் லேப்டாப்பும்தான். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதுகிறேன். மீட்டிங்கில்கூட எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுவார்கள். கொரியர்க்காரர் வந்தால், கையெழுத்துப் போடுவதற்குள் அவர் தங்கச்சி கல்யாணம்வரை கேட்டுவிடுவேன். (பிறகு அவர் பார்சலை வாசல் கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்.)

இப்படிப்பட்டவனுக்கு ஒரு மத்தியானம் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மெசேஜ். "உங்க புரோகிராம் பார்த்தேன், பிரமாதம். என்னோடதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்." கூடவே ஒரு லிங்க். என் புரோகிராமைப் பிரமாதம் என்று சொன்னவர் அதுவரை உலகத்திலேயே கிடையாது. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கண்தான் கலங்கியது.

புரோகிராம் எழுதுவதற்கென்று பிரவுசருக்குள்ளேயே ஓடும் எடிட்டரில் அந்த லிங்க் திறந்தது. "இதை எழுதியவரை நம்புகிறீர்களா?" என்று எடிட்டர் கேட்டது. எங்கள் பக்கத்தில் வாசலில் யார் நின்றாலும் முதலில் "வாங்க, உட்காருங்க" என்போம். தண்ணீர் கொடுத்த பிறகுதான் யார், என்ன என்பதெல்லாம். நானும் ஆம் என்று அழுத்திவிட்டு, "வணக்கங்க, நீங்க எந்த ஊரு?" என்று பதில் போட்டுக் காத்திருந்தேன்.

அந்த எடிட்டரில் ஒரு ஓட்டை இருந்ததாம். கடவுச்சொல் கேட்காமலே என்னைக் கம்பெனிக்குள் விடும் டோக்கன் அதன் வழியாகக் கசிந்து லிங்க் அனுப்பியவர் கைக்குப் போய்விட்டது. நான் ஊரை விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த நல்ல மனிதர் என் பெயரிலேயே உள்ளே நுழைந்து கம்பெனி புரோகிராமையெல்லாம் வாரிக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் அவசர வீடியோ அழைப்பு. டீம் மொத்தமும், இந்த முறை கேமராவோடு. பாதுகாப்புப் பிரிவு மேடம் நம்ம தமிழ்நாட்டுக்காரர்.

"டோக்கனை ரத்து பண்ணிட்டோம். உங்க வேலை இருக்குமான்னு மேலதான் முடிவு பண்ணுவாங்க. தெரியாத ஆள் அனுப்பினதை ஏன் சார் திறந்தீங்க?"

பொய் எதுவும் வாயில் வரவில்லை. "பேச ஆளில்லைங்க மேடம்" என்றேன்.

யாரோ இருமினார்கள். வேலை போகிறதே என்ற பயம் இருந்தது. ஆனால் அத்தனை முகங்களை அன்றுதான் ஒன்றாகப் பார்த்தேன் என்பதில் ஒரு வெட்கங்கெட்ட சந்தோஷமும் இருந்தது. அழைப்பை முடிக்கப் போகிறார்கள் என்றதும் பதறிப்போய், "எல்லாரும் சாப்டீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

வேலை எப்படியோ தப்பியது. (தப்பு எடிட்டர் மேலும் இருக்கிறது என்று அந்த மேடம் எடுத்துச் சொன்னாராம்.) இதை அண்ணனிடம் சொன்னது என்னுடைய அடுத்த முட்டாள்தனம். இப்போது தினமும் மத்தியானம் சென்னையிலிருந்து போன் வருகிறது.

"என்னடா, எல்லாரும் சாப்டீங்களா?" என்பார் அம்மா. பின்னால் அப்பா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்கும்.

"எல்லாரும் சாப்டாச்சும்மா" என்பேன் நானும்.

அது பொய். அந்த போன் வந்த பிறகுதான் நான் சோற்றையே போட்டுக்கொள்கிறேன். அதை மட்டும் இன்னும் அண்ணனிடம் சொல்லவில்லை.