சும்மாடு அக்காவின் ஜோடி

மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்துவிட்டு, சும்மாடு அக்காவுக்கு ஒரு நாளாவது ஜோடியாகாதவள் பிறந்தே பிரயோஜனமில்லை. நான் மூன்று சீசன் பிரயோஜனமில்லாமல்தான் இருந்தேன்.

ஈர உப்புக் கூடையைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. ஒருத்தி வாரிப்போட்டுத் தூக்கிவிட வேண்டும், இன்னொருத்தி சுமக்க வேண்டும். இன்று தூக்கிவிட்டவளையே நாளையும் தேடுவோம். பத்து நாளில் டீயும் அவளோடுதான், ஷேர் ஆட்டோவும் அவளோடுதான். அவளுக்கு ஆகாதவள் நமக்கும் ஆகாதவள். இப்படியே முப்பது பேர் நாலு கோஷ்டியாகி, கல்யாணப் பந்தியில்கூடத் தனித்தனியாக உட்கார்ந்தோம்.

அக்கா மட்டும் எதிலும் சேர்த்தியில்லை. தலையில் ஒரு துணிச் சும்மாடு, இடுப்பில் உபரியாக இன்னொன்று. யாருடைய ஜோடி அன்றைக்கு வரவில்லையோ அவளோடு சேர்ந்துகொள்வார். அப்புறம் அந்தப் பாத்தியில் நாள் முழுக்கச் சிரிப்புதான். மேஸ்திரி மாதிரி நடந்து காட்டுவார். ஒருமுறை மேஸ்திரியே நின்று ரசித்துவிட்டுப் போனார். பக்கத்துப் பாத்தியில் எனக்கு வயிறு எரியும். என் ஜோடி செல்வியோ காய்ச்சலிலும் வேலைக்கு வருகிற பிறவி.

கடைசியில் நானே அவளிடம், ரொம்ப இளைத்துப்போய்விட்டாய், நாளைக்கு லீவு போடு என்று உருகினேன். போட்டாள். மறுநாள் பூ வைத்துக்கொண்டு போய் நின்றேன். அன்று பார்த்து ரோஸியின் ஜோடியும் வரவில்லை. அக்கா நேராக ரோஸியிடம் போய்விட்டார். நான் அரைக் கூடை அரைக் கூடையாக நானே தூக்கிச் சுமந்தேன். சாயங்காலத்துக்குள் விஷயம் செல்வி காதுக்குப் போய், அவள் வேறு ஜோடி பார்த்துக்கொண்டாள். அவள் கோஷ்டி எனக்கு ஆட்டோவில் இடம் தரவில்லை.

மறுநாள் காலை அக்கா என்னிடம் வந்தார்.

"அவள லீவு போடச் சொன்னியாமே?"

"உங்க கூட வேலை செய்யணும்னு ஆசைக்கா."

"அத என்னாண்ட கேக்கறதுதானே? அவ பொழப்புல ஏன் கை வெச்ச?"

சொல்லிவிட்டு, இடுப்புச் சும்மாட்டை எடுத்து என் தலையில் வைத்தார்.

பதினோரு நாள் அக்கா எனக்கு மட்டும்தான். பன்னிரண்டாம் நாள், செல்வியின் புது ஜோடி ஊருக்குப் போயிருந்தாள். "போய் அவளுக்குத் தூக்கிவுடு" என்று என்னைத் தள்ளிவிட்டு, அக்கா வேறொருத்தியிடம் போனார். மூன்றாவது கூடையில்தான் செல்வி என்னோடு பேசினாள்.

இப்போது அக்கா பெருமுக்கல்லில் மகள் வீட்டில் இருந்துகொண்டு நூறு நாள் வேலைக்குப் போகிறார். போன் செய்தால், சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால், இன்றைக்கு யார் ஜோடி என்றுதான் கேட்கிறேன். பெயர் சொல்கிறார். முகம்கூடத் தெரியாத அந்தப் பெண் மேல் அன்றைக்கு முழுக்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது.