ஒரு தம்பிக்கு ஆறு அழைப்பிதழ்

பெர்மாஸ் ஜெயா,
ஞாயிறு காலை

அன்புள்ள மருமகன் யுகேந்திரனுக்கு,

செல்லப்பன் மாமா எழுதுவது. இங்கு நானும் உன் அத்தையும் கல்யாணப் பெண்ணான என் மகள் லோஷினியும் நலம். சிங்கப்பூரில் உன் நலம் அறிய ஆவல். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டித் தப்பித்துவிடுகிறாய், ஆகவே கடிதம்.

அழைப்பிதழ் அனுப்ப வசதி என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் ஒரு தரவுத்தளம் செய்து கொடுத்தாயே, அதனால் என் மானம் போயிற்று. ஆளுக்கு ஓர் ஆவணம், அதற்குள் சொந்தக்காரர்களைக் குறிக்க அவரவர் ஆவண எண்ணை மட்டும் போடுங்கள், கேட்டால் அதுவே தேடிப் பிடித்து இணைத்துக் கொடுக்கும் என்றாய். மனுஷனை எண்ணாகப் போட நான் என்ன ஜெயிலா நடத்துகிறேன்? ஒவ்வோர் ஆவணத்துக்குள்ளும் சொந்தக்காரர்களின் பெயர், முகவரி எல்லாம் மரியாதையாக முழுசாக எழுதி வைத்தேன். பிறகு பாலோவில் இருக்கும் என் தம்பி அய்யாவுவின் ஆவணத்தை அழித்தேன். நான் வீடு குடிபுகுந்த அன்று சபை நடுவில் "இந்தக் கூரை ஒழுகும்ணே" என்றவனோடு எனக்கு ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். கூரை ஒழுகியது. அது வேறு விஷயம்.

அழித்துவிட்டு, எல்லாருடைய உறவினர்களையும் கொண்டு வா என்று தரவுத்தளத்திடம் கேட்டேன். கொண்டு வந்ததய்யா! உன் அம்மாவின் ஆவணத்தில் தம்பி அய்யாவு, உன்னுடையதில் சின்ன மாமா அய்யாவு, லோஷினிக்குச் சித்தப்பா அய்யாவு, பண்டார் தெங்காரா காளிதாசுக்குச் சகலை அய்யாவு, காளிதாஸ் மகளுக்குச் சித்தப்பா அய்யாவு, கடைசியில் என் ஆவணத்திலேயே தம்பி அய்யாவு. ஒருத்தனை அழித்தால் ஆறு பேராக முளைக்கிறான். ஆறு முகவரியும் அச்சாகி, ஆறு அழைப்பிதழும் ஒரே நாளில் பாலோவுக்குப் போய்ச் சேர்ந்தன.

நேற்று போன் செய்தான். "அண்ணே, ஒருவாட்டி கூப்பிட்டா வரமாட்டேன்னு ஆறுவாட்டி கூப்பிட்டீங்களா? அலமாக், போஸ்ட்மேனே சிரிக்கிறாரு லா. வர்றேன்ணே" என்று அழுகிறான். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அத்தை போனைப் பிடுங்கி, "இன்னிக்கே வாங்க தம்பி" என்றுவிட்டாள். இத்தனைக்கும் நீதான் பொறுப்பு. உடனே வந்து அய்யாவுவை எல்லா ஆவணத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டியது.

உனக்கும் காலாகாலத்தில் நல்ல பெண் அமையட்டும். எண்ணாக இல்லாமல் பெயரோடு வரட்டும்.

இப்படிக்கு,
மாமா செல்லப்பன்

பின்குறிப்பு: எதையும் எடுக்காதே. உறையை ஒட்டுவதற்குள் அய்யாவு வந்து இறங்கி, இப்போது கூரை மேல் ஏறி ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறான். அவன் ஆவணத்தை மறுபடி போட்டுவிடு. மற்றதில் எல்லாம் நீ சொன்னபடி எண்ணே போதும். இன்னொன்று, உன் அம்மாவிடம் சொல்லாதே. அந்த ஆறு உறைக்கும் ஸ்டாம்பு ஒட்டியது நான்தான். பெயரைப் பார்க்காமலா ஒட்டியிருப்பேன்?